முப்பதாயிரம் ரூபாய்க்குள் முதல் கயாக்: மதுரையில் இருப்பவருக்கு எது பொருந்தும்?

திருநகர்வாசி:

வணக்கம். திருநகரில் இரண்டாவது மாடியில் வாடகை வீட்டில் குடியிருக்கிறேன். தொண்டிக்கு அருகே காரங்காட்டில் வனத்துறை நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரிக்குக் குடும்பத்தோடு போனபோதுதான் முதன்முதலாகக் கயாக்கில் அமர்ந்து துடுப்புப் போட்டேன். சொந்தமாக ஒன்று வாங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து வலுத்துக்கொண்டே வருகிறது. மழை பெய்து கண்மாய்கள் நிறைந்திருக்கும் மாதங்களில் ஊருக்குப் பக்கத்திலும், மற்ற மாதங்களில் எப்போதாவது உச்சிப்புளி, மண்டபம் பக்கத்துக் கடலோரத்திலும், காலை வேளையில் ஓரிரு மணி நேரம் நிதானமாகச் சுற்றிவர வேண்டும் என்பதே ஆசை. வேகமோ போட்டியோ என் நோக்கம் அல்ல.

துடுப்பு, லைஃப் ஜாக்கெட் எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். என் எடை 78 கிலோ. உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். மகளுக்கு ஒன்பது வயது, 28 கிலோ. சில நாள் அவளையும் அழைத்துப்போக விரும்புகிறேன். மனைவிக்கும் ஆர்வம் உண்டு. அவர் 60 கிலோ. வீட்டில் இருப்பது சிறிய ஹேட்ச்பேக் கார். எனக்குக் கிணற்றில் கற்ற நீச்சல் ஓரளவு தெரியும்.

காற்றடைக்கும் கயாக் வாங்குவதா, கெட்டியான பிளாஸ்டிக் கயாக் வாங்குவதா என்பதே முதல் குழப்பம். காலை உள்ளே நீட்டி அமரும் வகை, மேலே திறந்தவெளியில் அமரும் வகை என்றும், ஒருவர் அமர்வது, இருவர் அமர்வது என்றும் பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடுகிறது. கொச்சியில் ஒருவரிடம் பழைய பிளாஸ்டிக் கயாக் ஒன்று விலைக்கு இருப்பதாக நண்பர் சொல்லிப் படமும் அனுப்பியிருக்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வைகைக்கரை:

வணக்கம் ஐயா. எந்தக் கயாக் என்று கேட்பதற்கு முன்னால் எந்தத் தண்ணீர் என்பதை முடிவு செய்துவிட்டால், பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும். மதுரை நகருக்குள் வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலும் நாணலும் ஆகாயத்தாமரையுமாகவே கிடக்கிறது. அணையைத் திறந்து தண்ணீர் வரும் நாள்களிலோ குறுக்கே இருக்கும் தடுப்பணைகளின் அடியில் நீர் சுழன்று, கவிழ்ந்த படகையும் ஆளையும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவர் அந்தப் பக்கமே போகக் கூடாது. வைகை அணை நீர்த்தேக்கமும் கோயிலுக்குரிய வண்டியூர்த் தெப்பக்குளமும் நாமாகப் படகை இறக்கிக்கொள்ளும் இடங்கள் அல்ல. ஆகவே உங்களுக்கு வாய்ப்பது கண்மாய்தான். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து, பெரியாற்றுப் பாசனத் தண்ணீரும் வந்து சேர்ந்தால், கார்த்திகை தொடங்கி மாசி வரை கண்மாய்களில் போதிய தண்ணீர் நிற்கும். அதன் பிறகு வேகமாக வற்றிவிடும்.

கண்மாய்த் தண்ணீரின் இயல்பு என்ன என்று பாருங்கள். பல இடங்களில் இடுப்பளவு ஆழத்துக்கு மேல் இராது, அலை கிடையாது, ஆனால் அடியில் கருவேல மரக் கட்டைகளும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கும். சமூகக் காடு வளர்ப்பின் பெயரில், தண்ணீர் தேங்கும் உள்வாய்ப் பகுதியில் வளர்த்த கருவேல மரங்கள், தண்ணீர் பெருகும்போது பாதி மூழ்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய தண்ணீரில் நீளமான, ஒடுங்கிய, வேகமான கயாக்குக்கு வேலையே இல்லை. ஒன்பதிலிருந்து பத்தரை அடி நீளமும் முப்பது அங்குலத்துக்குக் குறையாத அகலமும் கொண்டது போதும். அகலம் கூடக்கூட உட்கார்ந்தவுடன் ஆட்டம் குறையும். நீளம் கூடக்கூட நேராகவும் விரைவாகவும் ஓடும். முதல் கயாக்கில் ஆட்டமின்மைக்கே முதலிடம் கொடுங்கள்.

அடுத்து, இரண்டாவது மாடி. பாலிஎத்திலீன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கால் ஆன பத்தடிக் கயாக் ஏறத்தாழ இருபது முதல் இருபத்தைந்து கிலோ இருக்கும். எடையைக்கூடச் சமாளித்துவிடலாம்; படிக்கட்டு திரும்பும் இடத்தில் பத்தடிப் பொருளைத் திருப்ப முடியுமா என்று முதலில் நூல் பிடித்து அளந்து பாருங்கள். மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், மதுரை வெயிலில் பாலிஎத்திலீன் நெளிந்து போகும். ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டால் நிறம் வெளுத்து நொறுங்கும் தன்மையும் வந்துவிடும். காரின் மேல் கொண்டுபோவதற்குக் குறுக்குச் சட்டங்களும் பட்டையான இழுவார்களும் தேவை. நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதால் அதை நம்பக் கூடாது. கூரை எவ்வளவு எடை தாங்கும் என்பது காரோடு வந்த கையேட்டில் இருக்கும். இத்தனையும் சேர்ந்தால் உங்கள் முப்பதாயிரம் போதாது.

எனவே உங்கள் நிலையில் காற்றடைக்கும் கயாக்கையே நான் பரிந்துரைப்பேன். மடித்தால் பையில் அடங்கிக் கார் டிக்கியில் ஏறிவிடும். ஆனால் வாங்கும்போது எடைக் கணக்கைத் தவறவிடாதீர்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தாங்கும் எடையில் நான்கில் மூன்று பங்கைத்தான் உண்மையான அளவாகக் கொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் படகு தாழ்ந்து, திரும்புவதற்கும் மறுத்து, சிறு அலைக்கும் தண்ணீர் உள்ளே வரும். இன்டெக்ஸ் நிறுவனத்தின் சேலஞ்சர் கே1 ஒருவர் அமர்வது. 274 சென்டிமீட்டர் நீளம், 76 சென்டிமீட்டர் அகலம், தாங்கும் எடை 100 கிலோ. தண்ணீர்ப் புட்டியும் பையும் சேர்த்து நீங்கள் ஒருவர் மட்டுமே 85 கிலோவை எட்டிவிடுவீர்கள்; அது உங்களுக்குப் போதாது. அதே நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் கே2 இருவர் அமர்வது. 312 சென்டிமீட்டர் நீளம், 91 சென்டிமீட்டர் அகலம், 180 கிலோ. இதில் நான்கில் மூன்று பங்கு 135 கிலோ. நீங்களும் மகளும் சாமான்களும் சேர்ந்து 115 கிலோவுக்குள் அடங்கிவிடுவீர்கள். நீங்களும் மனைவியும் என்றால் வரம்பைச் சற்றுத் தாண்டும். கரையோரமாகச் சிறிது தூரம் போய்வரலாம். மூன்று பேரும் ஒன்றாக ஏறுவது கூடவே கூடாது. தனியாகப் போகும் நாளில் ஓர் இருக்கையைக் கழற்றிவிட்டு மற்றொன்றை நடுப்பக்கமாக நகர்த்திக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது படகு. கண்மாயில் கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. மடை திறந்திருக்கும்போது அதன் அருகே போகாதீர்கள். மேலே அசைவில்லாமல் தோன்றும் தண்ணீர் அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். கண்மாய் நிறைந்து, உபரி நீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் பாயும் நாளில் கண்மாயில் இறங்கவே வேண்டாம். நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் கேட்பதோடு, மீன்பாசிக் குத்தகை எடுத்தவரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே இறங்குங்கள். குத்தகைக்காரர் பணம் கட்டி மீன் வளர்க்கிறார். அவருடைய வலை எங்கே கிடக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும். மழைக்காலம் முழுவதும் கருவேல மரங்களில் பறவைகள் கூடு கட்டியிருக்கும்; அவற்றை நெருங்க வேண்டாம். திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே ஊரார் விட்டிருக்கிறார்கள். துடுப்போடு போகும் நாமும் அந்த மரியாதையைக் கடைப்பிடிக்க வேண்டும்.

பாம்பன் கரை:

வைகைக்கரை ஐயா கண்மாயைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் உச்சிப்புளி, மண்டபம் என்றும் எழுதியிருக்கிறார். கடலைப் பொறுத்தவரை என் கருத்து வேறு. காற்றடைக்கும் கயாக் எடை குறைந்தது, தண்ணீருக்கு மேல் உயர்ந்து நிற்பது. காற்று அதைப் பாய்மரம்போல் பிடித்துத் தள்ளிவிடும். ஆகவே கடலுக்கு அடிக்கடி வருவதாக இருந்தால், மேலே அமரும் பிளாஸ்டிக் கயாக்கே பொருத்தமானது. அதன் உடல் முழுவதும் மூடிய வெற்றறை. மேலே விழும் தண்ணீர் துளைகள் வழியாகத் தானே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் நிமிர்த்தி ஏறிக்கொள்ளலாம். காலை உள்ளே நீட்டி அமரும் வகையை, அது மலிவாகக் கிடைத்தாலும், தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிறைந்துவிடும். மலிவு விலைக் கயாக்குகள் பலவற்றில் முன்னும் பின்னும் தண்ணீர் புகாத தடுப்பறைகள் இருப்பதில்லை. ஆழமான இடத்தில் தனி ஆளாக அந்தத் தண்ணீரை இறைத்து மீண்டும் ஏறுவது நடக்கிற காரியமன்று.

இங்கே பருவம் அறிந்து வர வேண்டும். எங்களுக்கு வடகடல், தென்கடல் என்று இரண்டு கடல்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று வீசும்போது வடகடலாகிய பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். வைகாசி முதல் ஆவணி வரை தென்கடலாகிய மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். அப்போது வடகடல் கரையோரம் கண்ணாடியாக இருக்கும். ஊர்ப்புறத்திலிருந்து வருபவர்கள் ஏமாறுவது அங்கேதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்தக் காற்று உச்சிப்புளிக்கு வடக்கே உள்ள கரையில் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. தரை மறைப்பதால் கரையருகே அலை எழுவதில்லை. ஆனால் சிறிது தூரம் உள்ளே போனதும் காற்று முழு வேகத்தில் முதுகில் அடித்துத் தள்ளும். திரும்பி வருவதற்கு எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுக் கை ஓய்ந்துவிடும். தரையிலிருந்து காற்று அடிக்கும் நாளில் காற்றடைக்கும் கயாக்கைக் கடலில் இறக்கவே கூடாது. மாசி, பங்குனி மாதங்களில், கடற்காற்று எழுவதற்கு முன்னுள்ள அதிகாலை நேரம் உங்களுக்கு ஏற்றது. எந்தக் காலத்திலும் முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்புமாறு பாதையை அமைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பன் பாலத்தின் அடியில் நீரோட்டம் மிகக் கடுமையானது. அந்தப் பக்கம் வேண்டாம். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் வீட்டிலேயே இருங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அனுமதியில்லாமல் அவற்றில் இறங்குவது குற்றம். கரையில் மீனவர்களிடமும் அருகிலுள்ள கடலோரக் காவல் நிலையத்திலும் சொல்லிவிட்டு இறங்குவதே இந்த எல்லைக் கடலில் முறை. கடலோரக் காவல் படையின் மீட்பு உதவிக்கான 1554 என்ற எண்ணைக் கைபேசியில் பதிந்துகொண்டு, கைபேசியை நீர்புகாத உறையில் போட்டு உடம்போடு வைத்திருங்கள். படகில் வைத்தால் கவிழ்ந்த பிறகு அது உங்களிடம் இராது.

உங்கள் வரவுசெலவுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. பிறப்பன்வலசை போன்ற இடங்களில் பயிற்சியாளரோடு வாடகைக் கயாக்கில் கடலுக்குப் போங்கள். அவர்களிடம் நல்ல படகும் மீட்பு ஏற்பாடும் இருக்கும். சொந்தக் கயாக் கண்மாய்க்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால், காற்றடைக்கும் வகை பற்றிய என் மறுப்பும் நீங்கிவிடுகிறது.

மேலூர் ஆசிரியை:

தம்பி, உங்கள் மகளை அழைத்துப்போக விரும்புவதாக எழுதியிருப்பதால் இதை எழுதுகிறேன். படகை விலை பேசுவதற்கு முன்னால் லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். முப்பதாயிரத்தில் ஆறாயிரம் அதற்குப் போனாலும் கவலையில்லை. மிச்சத்தில் கிடைக்கும் படகு சிறியதாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மிதக்கும் ஆற்றலை நியூட்டன் என்ற அலகில் குறிப்பார்கள். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீச்சல் தெரிந்தவருக்கு, கரை அருகே இருக்கும்போது, மிதக்கத் துணை செய்வது மட்டுமே. நினைவிழந்தவரின் முகத்தை மேலே திருப்பிப் பிடிக்காது. 100 நியூட்டன் வகைக்குக் கழுத்துப் பட்டை இருக்கும். அமைதியான தண்ணீரில் முகத்தை மேல்நோக்கித் திருப்ப உதவும். துடுப்புப் போடும் உங்களுக்குக் கை அசைய இடமளிக்கும் 50 நியூட்டன் வகை வசதியானது. குழந்தைக்கு 100 நியூட்டன் வகையைத்தான், அவளுடைய எடைக்கென்றே தைத்த அளவில், இரு கால்களுக்கிடையே வரும் பட்டையோடு வாங்க வேண்டும். வளர்ந்த பிறகும் ஆகட்டும் என்று பெரிய அளவில் வாங்கும் நம் வீட்டு வழக்கம் பள்ளிச் சீருடைக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அணிவித்து, பட்டைகளை இறுக்கி, தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். தாடையைத் தாண்டி ஏறினால் அந்த அளவு வேண்டாம். நீச்சல் வளையத்தையும், காற்றூதிக் கையில் மாட்டும் பட்டைகளையும் லைஃப் ஜாக்கெட்டுக்கு மாற்றாக ஒருபோதும் எண்ணாதீர்கள். ஜாக்கெட்டில் ஒரு விசிலைக் கட்டிவிடுங்கள். துடுப்பைப் படகோடு கயிற்றால் இணைக்கலாம். உங்களையோ குழந்தையையோ படகோடு எந்தக் கயிற்றாலும் இணைக்கக் கூடாது.

கிணற்று நீச்சல் நல்லதுதான். ஆயினும் ஆடையோடும் ஜாக்கெட்டோடும் தண்ணீரில் கிடப்பது வேறு பழக்கம். மகளுக்கு நீச்சல் தெரியாவிட்டால் ரேஸ் கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளத்தில் கோடை வகுப்பில் சேர்த்துவிட்டு, அதன் பிறகு அடுத்த மழைக்காலத்தில் அழைத்துப்போங்கள். கயாக் வந்ததும் மார்பளவுத் தண்ணீரில் நின்று, வேண்டுமென்றே கவிழ்த்து, மீண்டும் ஏறிப் பழகுங்கள். பக்கவாட்டில் இரு கைகளையும் படகின் மேல் வைத்து, கால்களை உதைத்து உடம்பை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, வயிறு படகின் குறுக்கே கிடக்குமாறு இழுத்துக்கொண்டு, பிறகு புரண்டு உட்கார்ந்து, கடைசியாகக் கால்களை உள்ளே எடுங்கள். இதைத் துணையின்றிச் செய்ய முடிகிற வரை ஆழமான பக்கம் போக வேண்டாம். மகளை ஏற்றவும் வேண்டாம்.

இன்னொன்று. தேங்கிய கண்மாய்த் தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். காலில் புண்ணோ கீறலோ இருக்கும் நாளில் இறங்காதீர்கள். இறங்கிய பிறகு சில நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், கண்மாயில் இறங்கிய செய்தியை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

திருநகர்வாசி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கடலுக்கு வாடகைக் கயாக், கண்மாய்க்குச் சொந்தக் கயாக் என்று பிரித்துக்கொள்வது எனக்கு மிகவும் தெளிவைத் தந்தது. மகளை நீச்சல் வகுப்பில் சேர்ப்பது என்றும் வீட்டில் முடிவாகிவிட்டது. இரண்டு ஐயங்கள் மீதம் உள்ளன. கருவேல முள் கிடக்கும் தண்ணீரில் காற்றடைக்கும் கயாக் தாங்குமா? கொச்சியில் இருக்கும் பழைய கயாக்கை முழுவதுமாக விட்டுவிடலாமா, அல்லது நேரில் போய்ப் பார்ப்பது பயனுள்ளதா?

பாம்பன் கரை:

படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்ப வேண்டாம். நேரில் போனால் முதலில் அடிப்பகுதியின் பின்முனையைப் பாருங்கள். தரையில் இழுத்து இழுத்து அங்கேதான் பிளாஸ்டிக் தேய்ந்து மெலிந்திருக்கும். தண்ணீர் வடியும் துளைகளின் உட்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். வடிகால் அடைப்பானைத் திறந்து உள்ளே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, இப்படியும் அப்படியும் சாய்த்து எங்கே கசிகிறது என்று கவனியுங்கள். பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் ஒட்டாது. வெடிப்பை உருக்கித்தான் இணைக்க வேண்டும். அந்த வேலை தெரிந்தவர் எளிதில் கிடைக்க மாட்டார். மேற்பரப்பு வெளுத்துச் சுண்ணாம்பு பூத்ததுபோல் கையில் ஒட்டினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். அதோடு, பத்தடிப் பொருளை லாரியில் ஏற்றி மதுரைக்குக் கொண்டுவரும் வாடகையையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். உங்கள் மாடிப்படியை நினைத்தால், நான் அந்தப் பயணத்துக்கு ஆகும் செலவை நல்ல துடுப்புக்குப் போடுவேன்.

வைகைக்கரை:

முள்ளைப் பற்றிய ஐயம் சரியானதே. தடித்த பிவிசியும் சீமைக்கருவேல முள்ளுக்குத் தாக்குப்பிடிக்காது. பெரும்பாலும் ஓட்டை விழுவது தண்ணீரில் அன்று, கரையில்தான். காரிலிருந்து இறக்கி, விரித்து, காற்றடிக்கும் இடத்தில் உதிர்ந்து கிடக்கும் முள்ளே குத்துகிறது. தடித்த தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுபோய், அந்த இடத்தைக் கூட்டிவிட்டு, அதை விரித்து அதன் மேல் காற்றடியுங்கள். தண்ணீர்வரை தூக்கிக்கொண்டு போங்கள், இழுக்காதீர்கள். படித்துறையோ மணல் சரிவோ உள்ள கண்மாயாகத் தேர்ந்தெடுங்கள். மரங்கள் நிற்கும் உள்வாய்ப் பக்கம் போகாமல் கரைப்பக்கத்துத் திறந்த நீரிலேயே சுற்றுங்கள். இந்தக் கயாக்குகளில் இரு பக்கங்களுக்கும் தரைக்கும் தனித்தனிக் காற்றறைகள் இருப்பதால், ஒன்றில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை உங்களைக் கரை சேர்க்கும். நேராக ஓடுவதற்காக அடியில் பொருத்தும் ஸ்கெக் என்ற தகட்டைப் பாசி மிகுந்த ஆழமில்லாத இடத்தில் கழற்றிவிடுவது நல்லது.

துடுப்பைப் பற்றி ஒரு சொல். எக்ஸ்ப்ளோரர் கே2 மூன்றடி அகலம் உள்ளது. உடன் வரும் துடுப்பு ஏறத்தாழ ஏழடிதான் இருக்கும். உங்கள் உயரத்துக்கு அது குட்டையாகி, விரல் முட்டிகள் பக்கக் குழாயில் உரசும். பாம்பன் ஐயா சொன்னதுபோல் பணம் மிஞ்சினால் 240 சென்டிமீட்டர் துடுப்பு ஒன்று வாங்குங்கள். உடன் வருவதை மகளுக்குக் கொடுங்கள்.

விடியற்காலைக் குளிர்ச்சியில் இறுக்கமாக அடித்த காற்று, வெயில் ஏறியதும் விரிந்து தையலைப் பிரித்துவிடும். கரையில் வெயிலில் நிறுத்துவதாக இருந்தால் சிறிது காற்றைத் திறந்துவிடுங்கள். தண்ணீரில் இறங்கித் தளர்ந்ததும் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். வீட்டுக்கு வந்ததும் நன்றாக உலர்த்தி மடித்து, எலி புகாத பெட்டியில் வையுங்கள். பிவிசியை எலி விரும்பிக் கடிக்கும். பொட்டலம் வந்த அன்றே கண்மாய்க்குக் கொண்டுபோக வேண்டாம். கூடத்தில் காற்றடித்து ஓர் இரவு அப்படியே வைத்திருங்கள். குளிர்ச்சியில் சிறிது தளர்வது இயல்பு. ஓர் அறை மட்டும் தொய்ந்திருந்தால், வால்விலும் ஓரத் தையல்களிலும் சோப்பு நீரைத் தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். வந்தால் படம் எடுத்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் விற்றவருக்குத் தெரிவித்துவிடுங்கள்.